பெயர் மட்டும் நிரப்ப வேண்டும்

வலது மார்பை வெட்டி எடுத்து, அந்த இடத்துக்குக் கரண்டும் பிடித்து, மூன்று மாதம் கழித்து நான் கொழும்பிலிருந்து திருகோணமலைக்கு வந்து இறங்கியபோது எனக்கு முப்பத்தேழு வயது. ஊர் என்னை அழுது வழியனுப்புவதற்கு ஆயத்தமாக இருந்தது. நான்தான் ஆயத்தமாக இருக்கவில்லை.

துறைமுகத்தைப் பார்த்தபடி இருந்த ஓர் அரசாங்கக் கந்தோரில் நான் தட்டெழுத்தாளர். சிங்களத்துக்கு நாலு பேர், ஆங்கிலத்துக்கு இரண்டு பேர், தமிழுக்கு நான் ஒருத்தி. தோணிக்காரருக்கும் மீன்பிடிகாரருக்கும் போகிற அறிவித்தல் எல்லாம் என் கையால்தான் போகும். கணவர் மூதூருக்கு ஓடும் லோஞ்ச் படகில் எஞ்சின் பார்ப்பவர். பத்து வயதில் ஒரு மகள். கிணற்றடியில் குளிக்கும்போது கைக்குத் தட்டுப்பட்ட கட்டியை நான் ஆறு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு கடிதம் ஆறு நாள் மேசையில் கிடந்தால் கந்தோரையே இரண்டாக்குகிறவள், என் உடம்பில் இருந்ததை ஆறு மாதம் கிடப்பில் போட்டேன். பிறகு கணவர் கண்டுபிடித்து, பேசாமல் லோஞ்சுக்கு லீவு போட்டுவிட்டு என்னைக் கொழும்புக்குக் கூட்டிப் போனார்.

அந்த நோயின் பெயரை எங்கள் ஊரில் யாரும் வாயால் சொல்லமாட்டார்கள். ‘அந்த வருத்தம்’ என்பார்கள். அதையும் கதவுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் சொல்வார்கள். கதிர் வைத்தியத்துக்கு ‘கரண்ட் பிடிக்கிறது’ என்று பெயர். மின்சாரசபையின் வேலை என்று நினைத்தார்களோ என்னவோ.

கொழும்பு ஆஸ்பத்திரியில், வெட்டிய மூன்றாம் நாள் ஒரு தாதி வந்து என்னைக் கட்டிலை விட்டு எழுப்பினார். சிங்களப் பெண். அவருக்குத் தெரிந்த தமிழ்ச் சொற்கள் ஒரு முப்பது இருக்கும், அவ்வளவும் கட்டளைகள்.

“சுவர் பக்கம் நில்லு. விரல் வை. ஏறு.”

விரல்கள் நண்டு மாதிரிச் சுவரில் மேலே ஏற வேண்டும். தோள் உயரத்துக்கு வருவதற்குள் கண்ணில் பொறி பறந்தது.

“ஏலாது மிஸ்.”

“ஏலும். படுத்தா கை வீங்கும். கை வீங்கினா வேலை இல்லை. வேலை இல்லாட்டி மூளை பழுது.”

அது வைத்தியமா சாபமா என்று எனக்கு விளங்கவில்லை. எட்டிய இடத்தில் அவர் பென்சிலால் ஒரு கோடு கீறினார். மறுநாள் அந்தக் கோட்டைத் தாண்டும்வரை எனக்குத் தேநீர் கொடுக்க விடவில்லை.

ஊருக்கு வந்ததும் பார்க்க வருபவர்கள் தொடங்கினார்கள். வந்தவர்கள் எல்லோரும் இரண்டு காரியம் செய்தார்கள். வாசலில் நின்று, “மனதைத் திடமா வைச்சிருக்கோணும், சந்தோசமா இருக்கோணும்” என்று புத்தி சொன்னார்கள். உள்ளே வந்து கதிரையில் இருந்ததும் அழுதார்கள். நான் எழும்பிப் போய்த் தண்ணீர் எடுத்துக் கொடுத்து, முதுகைத் தடவி, “ஒண்டுமில்லை, எல்லாம் சரிவரும்” என்று அவர்களைத் தேற்ற வேண்டியிருந்தது. மூன்று வீடு தள்ளி இருந்த ஒரு மனுசி ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வருவார்.

“எங்கட சொந்தத்தில ஒராளுக்கும் இதேதான் வந்தது. உங்களைப் போலத்தான், நல்லாச் சிரிச்சுக் கதைச்சுக்கொண்டு திரிஞ்சவ.”

“பிறகு?”

“பிறகென்ன,” என்று சொல்லிவிட்டு அவர் தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். அடுத்த வெள்ளிக்கிழமை இன்னொரு சொந்தக்காரர். அவருடைய சொந்தத்தில் உயிரோடு யாராவது மிச்சம் இருக்கிறார்களா என்று கேட்க எனக்கு வாய் உன்னும்.

அது சீனி கூப்பனுக்குக் கிடைத்த காலம். ஒரு பின்னேரம் என் கணவர் குசினிக்குள் போய் வெறும் சீனிப் போத்தலைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார்.

“இஞ்சேரும், எங்கட அப்பு செத்த வீட்டுக்கும் இவ்வளவு தேத்தண்ணி ஊத்தேல்லை.”

அடுத்த திங்கட்கிழமை நான் வேலைக்குப் போனேன். என்னுடைய மனவுறுதியைப் பற்றிப் பிறகு பலர் பல இடங்களில் பேசியிருக்கிறார்கள். மனவுறுதி எல்லாம் இல்லை. சீனி முடிந்துவிட்டது, அவ்வளவுதான்.

டொக்டர் தந்த கடிதத்தில், இவருக்கு இலகுவான வேலை கொடுக்கவும் என்று எழுதியிருந்தது. எங்கள் பிரதம லிகிதர் அந்தக் கடிதத்தை இரண்டுமுறை வாசித்தார். கந்தோர் முழுக்க அவருடைய பொறுப்பு. முப்பது வருட சேவை. நெற்றியில் எப்போதும் திருநீறு, மேசையில் எப்போதும் சட்டப் புத்தகம். அதை எடுத்து ஒரு அரைமணி நேரம் புரட்டினார்.

“இலகுவான வேலை எண்டா என்னெண்டு இதில இல்லைத் தங்கச்சி.”

“அப்ப நான் என்ன செய்யிறது ஐயா?”

“ஒண்டும் செய்யாதேங்கோ. அதிலதான் பிழை வராது.”

அவர் பகிடி விடவில்லை. முப்பது வருடம் அவர் கைக்கொண்ட கொள்கையைத்தான் எனக்கும் தந்தார். துறைமுகம் தெரிகிற ஜன்னலோரம் இருந்த என் மேசையைப் பழைய கோப்புகள் வைக்கும் அறை வாசலுக்கு மாற்றினார்கள். நான் மயங்கி விழுந்தாலும் கந்தோருக்கு வருகிற சனம் பயப்படாதாம். என் தட்டெழுத்து மெஷினை உறை போட்டு அலுமாரிக்கு மேலே ஏற்றினார்கள். எங்கள் கந்தோரில் சும்மா இருந்து பழகியவர்கள் பலர். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை. முதல் கிழமை முழுக்கக் கதிரையில் இருந்து கோப்புகளின் முதுகில் இருந்த இலக்கங்களை வாசித்தேன். இரண்டாம் கிழமை எழும்பி, கோப்பு அறைச் சுவரில் விரலை வைத்து ஏறத் தொடங்கினேன். காலையில் இருபது தரம், பின்னேரம் இருபது தரம். எட்டிய இடத்தில் ஒரு பென்சில் கோடு.

அந்தக் கோடுகள் கந்தோரைக் கலக்கிவிட்டன. மறியலில் கிடப்பவர்கள் சுவரில் கோடு கீறி நாளை எண்ணுவதுபோல நானும் என் கடைசி நாட்களை எண்ணுகிறேன் என்று கதை பரவியது. என்னைக் கடந்து போனவர்கள் குதிக்காலைத் தூக்கி நடந்தார்கள். பியோன், ஆண்டவன் சந்நிதியில் நிற்பவர்போல இரண்டு கையையும் கட்டிக்கொண்டு வந்து தேத்தண்ணி வைத்துவிட்டுப் பின்பக்கமாகவே நடந்து போனார். ஒருநாள் கதவு நிலையில் முட்டுப்பட்டு நெற்றி வீங்கியது. என்னைவிட அவருக்குத்தான் இலகுவான வேலை தேவைப்பட்டது.

இப்படி இரண்டு மாதம் போனது. ஒரு புதன்கிழமை பிரதம லிகிதர் தானே அலுமாரியிலிருந்து என் மெஷினை இறக்கி, மூச்சு வாங்கத் தூக்கிக்கொண்டு வந்து என் மேசையில் வைத்தார்.

“ஒரு சின்ன வேலை. ஏலுமெண்டா மட்டும் செய்யுங்கோ. அவசரமில்லை.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “ஆனா பிந்தவும் கூடாது” என்றார்.

எங்கள் கந்தோர் நலன்புரிச் சங்கத்துக்கும் அவர்தான் செயலாளர். யாராவது இறந்தால் சங்கத்தின் பெயரில் கண்ணீர் அஞ்சலி அடித்துச் செத்த வீட்டில் கொடுப்பது வழக்கம். நான் ஆஸ்பத்திரியில் கிடந்த நேரம் ஒரு பழைய களஞ்சியப் பொறுப்பாளர் காலமாகிவிட்டார். தமிழ் அடிக்க ஆள் இல்லாமல், தமிழ் தெரியாத ஒரு பிள்ளையைக் கொண்டு எழுத்து எழுத்தாகத் தேடி அடித்தார்கள். ‘எமது ஆழ்ந்த அனுதாபங்கள்’ என்பது ‘எமது ஆழ்ந்த அனுபவங்கள்’ என்று வந்துவிட்டது. அதுவும் காடாற்றிய பிறகு போய்ச் சேர்ந்தது. அந்த அவமானம் பிரதம லிகிதரின் மனதில் ஆறாமல் இருந்தது. இனி எதையும் முன்கூட்டியே செய்து வைக்க வேண்டும் என்று தீர்மானித்துவிட்டார்.

அவர் தந்த தாளை வாசித்தேன். தலைப்பு ‘கண்ணீர் அஞ்சலி’. அதன் கீழே, ‘அமரர்’ என்று போட்டு ஒரு நீளமான புள்ளிக் கோடு. திகதிக்கு இன்னொரு புள்ளிக் கோடு. பிறகு இப்படிப் போனது: ‘எமது அலுவலகத்தில் பதினான்கு வருடம் தட்டெழுத்தாளராகச் சேவையாற்றி, கொடிய நோயைப் புன்னகையோடு பொறுத்து, அமைதியே உருவாக வாழ்ந்து, ஒருநாளும் எவரையும் முகம் சுழித்துப் பாராத…’

நான் சேவைக்கு வந்து பதினான்கு வருடம்.

“ஐயா, இது ஆருக்கு?”

அவர் ஜன்னலைத் தேடித் திரும்பினார். கோப்பு அறை வாசலில் ஜன்னல் இல்லை, அலுமாரிதான் இருந்தது. “பொதுவா ஒண்டு. ஆருக்கும் பாவிக்கலாம்.”

“தட்டெழுத்தாளர் எண்டு கிடக்கு.”

“அதை மாத்தலாம்.”

“பதினாலு வருசம் எண்டும் கிடக்கு.”

“அதுவும் மாறும்தானே, வருசம் போகப் போக.”

இதற்கு மேல் அவரிடம் என்ன கேட்பது? ஸ்டென்சில் தாளை மெஷினில் ஏற்றினேன். மெழுகுத் தாளில் எழுத்து வெட்டுப்பட வேண்டுமென்றால் ஓங்கி அடிக்க வேண்டும். ஐந்தாறு மாதம் சும்மா கிடந்த விரல்கள். முதல் வரி அடித்து முடிய வலது கை தோள்வரை கொதித்தது. ஆனால் மெஷினின் சத்தம் கேட்டதும் எனக்குள் ஏதோ எழும்பி உட்கார்ந்தது. இரண்டாம் வரியில் அவர் விட்ட ஒற்றுப் பிழையைத் திருத்தினேன். ‘அமைதியே உருவாக’ என்ற இடத்தில் நிறுத்தி அவரைக் கூப்பிட்டேன்.

“ஐயா, நான் சண்டைக்காரி எண்டு இரண்டுதரம் விளக்கம் கேட்டு எழுதினது நீங்கள்தானே?”

“அது வேற கோப்பு தங்கச்சி.”

அமைதியை அப்படியே விட்டேன். கோப்பு வேறு என்றால் ஆளும் வேறுதானே. அடித்துக்கொண்டே போனேன். உள்ளுக்குள் சிரிப்பும் வந்தது. கடைசிப் பந்தியில், ‘அன்னாரின் பிரிவால் துயருறும் கணவருக்கும், தாயை இழந்து தவிக்கும் பச்சிளம் மகளுக்கும்’ என்று இருந்தது. விரல் நின்றுவிட்டது. அன்று காலையில் மகளுக்குப் பின்னல் போடும்போது கை உயரவில்லை என்று அவளை நிலத்தில் இருத்திப் போட்டேன். அவள் அசையாமல், நான் முடிக்கும்வரை தன் கால் பெருவிரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தத் தலை என் கண்ணுக்கு முன்னால் வந்தது. கோப்பு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். வெட்டிய நாளிலிருந்து அன்றுதான் முதல் தடவை அழுதேன். எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து தர வேண்டிய கஷ்டம் யாருக்கும் இருக்கவில்லை.

பின்னேரம் பிரதம லிகிதர் ஸ்டென்சிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“ஒரு வரி விடுபட்டுப் போச்சு.”

“ஓம். அதை நான் அடிக்க மாட்டன்.”

அவர் என்னைப் பார்த்தார். பிறகு கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். இரண்டு மாதத்தில் என் மேசைக்கு முன்னால் யாரும் இருந்தது அதுதான் முதல் தடவை.

“குறை நினையாதேங்கோ,” என்றார். “நான் ஒழுங்கா இருக்கட்டும் எண்டுதான்…”

“விளங்குது ஐயா. ஆனா பெயரை நிரப்பிறதுக்கிடையில மற்ற வேலையளையும் தாருங்கோ. சும்மா இருக்க ஏலாது.”

அவர் ஸ்டென்சிலை உறையில் போட்டுத் தன் மேசை லாச்சியில் பூட்டினார். மெஷினைத் திரும்ப அலுமாரியில் ஏற்ற அவருக்கு மனம் வரவில்லை, பாரமும் கூட. அடுத்த நாள் தோணிப் பதிவு அறிவித்தல் ஒன்று வந்தது. அதற்கடுத்த நாள் இரண்டு. ஒரு மாதத்தில் என் மேசை நிறைந்துவிட்டது. இப்படித்தான் எனக்கு வேலை திரும்பக் கிடைத்தது.

மூன்று வருடம் ஒழுங்காகப் போனது. மூன்று மாதத்துக்கு ஒருதரம் கொழும்புக்குப் போவேன். பஸ் பக்கத்து ஊரான கப்பல்துறையைத் தாண்ட முன்னமே எனக்குக் குமட்டல் தொடங்கிவிடும். டொக்டர் தொட்டுப் பார்த்து, “நல்லது” என்பார், திரும்பி வருவேன். நாலாம் வருடம் அவர் நல்லது என்று சொல்லவில்லை. கழுத்து எலும்புக்கு மேலே கடலை அளவில் ஒன்று வந்திருந்தது. திரும்பவும் வெட்டு, ஆறு கிழமை கரண்ட், வாயெல்லாம் கசக்கிற குளிசை.

இந்த முறை பக்கத்துக் கட்டிலில் மூதூரிலிருந்து ஒரு முஸ்லிம் பெண் இருந்தார். ஐம்பது வயது இருக்கும். ஐந்து பிள்ளைகள். நான் சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு மேலே முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்த முதல் நாள் அவர்தான் பேச்சுக் கொடுத்தார்.

“என்ன புள்ள, தின்னாமக் கெடக்கா?”

“செத்துப் போயிருவனோ எண்டு பயமாக் கிடக்கு.”

“மௌத்து வரக்குள்ள வரட்டும். இப்ப சோறு ஆறுது.”

இரண்டு பேரும் சுவரில் விரல் ஏற்றிப் போட்டி வைப்போம். அவர் களவாகக் குதிக்காலைத் தூக்குவார். நான் சண்டை பிடிப்பேன். அமைதியே உருவான என்னுடைய ஸ்டென்சில் கதையைச் சொன்னபோது அவர் தையல் நோகுது நோகுது என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வார்டில் புதிதாக வருகிற ஒவ்வொருத்திக்கும் அந்தக் கதையை நான் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அவரே தொடங்கி, பிழையாகச் சொல்லுவார்.

நான் ஊருக்கு வந்தபோது பிரதம லிகிதர் மாற்றலாகிப் போயிருந்தார். அந்த இடத்துக்கு மட்டக்களப்பிலிருந்து இளமையான ஒருவர் வந்திருந்தார். நான் வேலைக்குத் திரும்பிய மூன்றாம் நாள் என்னை அழைத்தார். கையில் பழையவர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போன பொறுப்புப் பத்திரம்.

“இதில நிலுவையில இருக்கிற வேலையள் எண்டு ஒரு பட்டியல் இருக்கு. கடைசியில, ‘கண்ணீர் அஞ்சலி ஒன்று. தயார். பெயர் மட்டும் நிரப்ப வேண்டும்’ எண்டு போட்டிருக்கு. நாலு வருசமா முடியாமக் கிடக்கு. ஏன் பிந்திச்சுது எண்டு உங்களுக்குத் தெரியுமா?”

பாவம், அவருக்கு ஒன்றும் தெரியாது.

“தெரியும் சேர். சம்பந்தப்பட்ட ஆள் ஒத்துழைக்கேல்லை.”

“அப்ப ஒரு நினைவூட்டல் கடிதம் போடுவமா?”

பின்னால் நின்ற பியோன் இருமத் தொடங்கிவிட்டார். நான் அவருடைய மேசை லாச்சியைத் திறந்து உறையை எடுத்துக் காட்டினேன். திருகோணமலை வெக்கைக்கு மெழுகு உருகி, ஸ்டென்சில் உறையோடு ஒட்டிப்போய்க் கிடந்தது. விசயத்தைச் சொன்னதும் அந்த மனிதரின் காது சிவந்துவிட்டது. பட்டியலில் அந்த வரியை அவரே சிவப்பு மையால் வெட்டினார். எங்கள் கந்தோரில் ஒரு நிலுவை வேலை அவ்வளவு விரைவாக முடிந்ததை நான் கண்டதில்லை.

மூதூர்க்காரி அடுத்த வருடம் மழைக்காலத்தில் போய்விட்டார். லோஞ்சில் வந்த சனம் சொல்லித்தான் என் கணவருக்குத் தெரியும். அவர் வீட்டுக்கு வந்து போட்டிருந்த சேட்டைக்கூடக் கழற்றாமல் கதிரையில் இருந்து, “இஞ்சேரும்” என்று மட்டும் சொன்னார். ஒரு கிழமை கழித்து அதே லோஞ்சில் போய் மூதூர்க்காரியின் மகள்மாரோடு இருந்துவிட்டு வந்தேன். அவர்கள் எனக்குச் சோறு போட்டார்கள். யாரும் மனதைத் திடமாக வைத்திருக்கச் சொல்லவில்லை. “உம்மா ஒங்கட கதயச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பா” என்றாள் மூத்தவள். அந்தச் சோற்றை ஆற விடாமல் சாப்பிட்டேன்.

அதற்குப் பிறகு வந்த சித்திரைக்கு எங்கள் நலன்புரிச் சங்கம் கடற்கரையில் விளையாட்டு விழா வைத்தது. பெண்களுக்குச் சங்கீதக் கதிரை. பாட்டு நிற்கும்போது கதிரையைப் பிடிக்க வேண்டும். கிடைக்காதவர் வெளியே போக வேண்டும். நானும் பெயர் கொடுத்தேன். பாட்டு நின்றது. எனக்கு முன்னால் போனவள் எனக்கு இடம் விட்டு ஒதுங்கினாள். அடுத்த முறையும் அப்படித்தான். கணக்குப் பகுதி மனுசி ஒருவர் கதிரையில் பாதி இருந்தவர், என்னைக் கண்டதும் எழும்பி, “நீங்கள் இருங்கோ, நீங்கள் இருங்கோ” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். பத்துப் பெண்கள், ஓடாமலே தோற்றார்கள். எனக்குக் கோபத்தில் காது அடைத்தது.

கடைசியில் ஒரு கதிரை, இரண்டு பேர். மற்றவள் சாம்பல்தீவிலிருந்து அந்த வருடம்தான் வேலைக்கு வந்த ஒரு கிளாக். இருபத்திரண்டு வயது, வாட்டசாட்டமான பிள்ளை. பாட்டு நின்றது. நான் அவளும் ஒதுங்குவாள் என்ற நினைப்பில் மெல்லப் போனேன். அவள் இடுப்பால் ஒரே இடி. நான் மணலில் போய் விழுந்தேன். அவள் கதிரையில் இருந்தாள்.

கடற்கரையே எழும்பி நின்றது. ஒருவர் சோடாவோடும் இன்னொருவர் வெறுங்கையோடும் ஓடி வந்தார்கள். புதிய பிரதம லிகிதர் அந்தப் பிள்ளையிடம் பாய்ந்தார்.

“அவவுக்கு என்ன வருத்தம் எண்டு தெரியாதே உமக்கு?”

“தெரியும் சேர்,” என்றாள் அவள். கதிரையை விட்டு எழும்பவில்லை. “ஆனா பரிசு பிளாஸ்டிக் வாளி. எங்கட வீட்டு வாளி ஓட்டை.”

சாமான் தட்டுப்பாடான காலம். ஒரு பிளாஸ்டிக் வாளிக்காக அடிபட்டவர்களை நான் கண்டிருக்கிறேன். மணலில் இருந்தபடியே எனக்குச் சிரிப்பு வந்தது. நிறுத்த முடியவில்லை. இடுப்பு நொந்தது, அது வெறும் விழுந்த நோ. அந்த நோவுக்கு மருந்தும் எனக்குத் தெரியும், நல்லெண்ணெய்.

“அடுத்த வருசம் பாரும்,” என்றேன் அவளிடம்.

அடுத்த வருடம் பரிசு ஓர் அரிக்கன் லாம்பு. எங்கள் வீட்டு லாம்பு நன்றாகத்தான் எரிந்தது. இருந்தாலும் விடுவதாக இல்லை. குளிசை தொடர்ந்துகொண்டுதான் இருந்தது. டொக்டர் ஆறு மாதத்துக்கு ஒருதரம் வந்தால் போதும் என்று சொல்லியிருந்தார். இந்த முறை மற்றப் பெண்களும் கொஞ்சம் ஓடினார்கள், இரண்டு பேர் என் காலையும் மிதித்தார்கள். திரும்பவும் கடைசிக் கதிரைக்கு நானும் அவளும். பாட்டு நின்ற மாத்திரத்தில் நான் இடது தோளைக் கொடுத்து ஒரு தள்ளுத் தள்ளினேன். அவள் கால் தடுக்கி மணலில் குந்திவிட்டாள்.

“சேர்! அக்கா தள்ளினவ! இவவுக்கு ஒரு வருத்தமும் இல்லை!” என்று கத்தினாள்.

நான் கதிரையின் இரண்டு பக்கத்தையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு இருந்தேன். லாம்பு கைக்கு வரும்வரை எழும்பவில்லை.